மரவினை இதழ்களும் கழக ஏடுகளும்: ஓர் உரைநடை வகையின் எதிர்காலம்

1. தோற்றுவாய்

தொழில் செய்வோர் எழுதுவதில்லை. எழுதுவோர் தொழில் செய்வதில்லை. உலகின் பல பகுதிகளிலும் நெடுங்காலம் நிலவிய நிலை இது. அதியமானின் ஆற்றலை விளக்கப் புகுந்த ஒளவையார், நாள்தோறும் எட்டுத் தேர் செய்ய வல்ல தச்சன் ஒரு திங்கள் முழுதும் கருதிச் செய்த ஒரே தேர்க்காலை அவனுக்கு உவமையாக்கினார் என்பதைப் புறநானூற்றின் 87ஆம் பாட்டால் அறிகிறோம். அத் திங்களின் பெருமையைப் புலவர் கண்டார், பாடினார். ஆனால் அந்த முப்பது நாளும் எவ்வாறு கழிந்தன, எம் மரம் தேர்ந்து கொள்ளப்பட்டது, அஃது எவ்வளவு காலம் உலர்த்தப்பட்டது, ஆரங்கள் குடத்தில் எவ்வாறு பொருந்தின என்பவற்றை அறிந்தவன் அத் தச்சன் ஒருவனே. அவன் எழுதி வைத்தானல்லன். அவனறிவு அவன் மாணாக்கனின் கைக்குச் சென்றது. அக் கை ஓய்ந்தபோது அதுவும் ஓய்ந்தது.

மரவினைஞர் தம் வினையைப்பற்றித் தாமே எழுதும் உரைநடை மிகப் பிற்பட்ட காலத்தில் தோன்றியது. ஆங்கில நாட்டிலும் அமெரிக்காவிலும் அது பெரும்பாலும் இதழ்கள் வாயிலாகவே வளர்ந்தது. அவ்விதழ்களை இருவகையாகப் பகுக்கலாம். ஒன்று, வெளியீட்டு நிறுவனம் வாணிக நோக்கோடு நடத்தும் இதழ். மற்றொன்று, தொழிலில் ஈடுபாடுடையோர் கழகமாகக் கூடி, உறுப்பினர் கட்டணத்தைக் கொண்டு தாமே நடத்தும் ஏடு. முன்னதனை வணிக இதழ் என்றும், பின்னதனைக் கழக ஏடு என்றும் ஈண்டு வழங்குவோம்.

வணிக இதழ்கள் கடந்த சில ஆண்டுகளில் அருகி வருகின்றன. அவற்றின் இடத்தைக் கழக ஏடுகள் நிரப்பும் என்பர் சிலர். இரண்டிற்கும் இனித் தேவையில்லை. அசையும் படக்காட்சிகளே போதும் என்பர் வேறு சிலர். இவ்விரு கருத்துகளும் எத்துணைப் பொருந்தும் என்பதை ஆராய்வதே இக் கட்டுரையின் நோக்கமாகும்.

தமிழ்த்துறை ஆய்விதழில் இவ்வாராய்ச்சிக்கு இடம் யாது என்ற வினா எழலாம். செய்யுளும் புனைகதையும் மட்டுமே திறனாய்வுக்கு உரியன என்னும் கொள்கை எமக்கு உடன்பாடன்று. செய்முறையைத் தெளிவுற உரைக்கும் உரைநடையும் ஒரு கலையே. துறைதோறும் தமிழில் நூல் காண விழைகின்ற நாம், பிற மொழியில் அத்தகைய உரைநடை யாரால் வளர்ந்தது, எந்தப் பொருள் வருவாயைச் சார்ந்து நின்றது, ஏன் தளர்கின்றது என்பவற்றை அறிதல் நம் பணிக்கும் பயன்படும்.

2. இரண்டு முன்னோடிகள்

இலண்டன் நகரில் ஜோசப் மோக்சன் என்பார் 1678ஆம் ஆண்டு தொடங்கி, ‘மெக்கானிக் எக்ஸர்சைசஸ்’ என்னும் பெயரில் கைத்தொழில்களைப்பற்றித் திங்கள்தோறும் சிறு சிறு பகுதிகளாக வெளியிட்டார். முதலிற் கொல்லுத் தொழில். பின்னர் மரச்சாமான் தச்சு, வீட்டுத் தச்சு, கடைசல் என அப்பகுதிகள் தொடர்ந்தன. தொழில் நூலொன்று தவணை முறையில் வாசகரை நாடி வெளிவந்தமையின், மரவினை இதழ்களுக்கு அதனை முன்னோடி எனல் பொருந்தும். மோக்சன் தச்சரல்லர், நிலவுருண்டையும் வரைபடமும் செய்தவர், அச்சுத் தொழிலர். எனவே அவர் நூலில் செயல்களின் வரிசை விளங்குகிறதே ஒழிய, அவ்வரிசை ஏன் அவ்வாறு அமைய வேண்டும் என்பது பல இடங்களில் விளங்குவதில்லை. படங்கள் சிலவும் பிரெஞ்சு ஆசிரியர் ஃபெலிபியன் நூலிலிருந்து எடுத்தாளப்பட்டவையே.

அத் தொடர் நெடுங்காலம் நடக்கவில்லை. நாட்டில் எழுந்த சதிவழக்குப் பரபரப்பு, தம்மிடம் நூல் வாங்கிய சிலருடைய மனத்தையும் வேறு திசையில் இழுத்துச் சென்றது என மோக்சனே பின்னர்க் கூறினார். 1683இல் அவர் தொடங்கிய இரண்டாம் தொடர் அச்சுத் தொழிலைப் பற்றியது. வாங்குவோரை மட்டும் நம்பிய தொழிலிதழ், வாங்குவோரின் கவனம் மாறியவுடன் நின்றுபோகும் என்பதற்கு முதற் சான்று, முதல் முயற்சியிலேயே கிடைத்துவிட்டது.

பிரான்சு நாட்டில் நிகழ்ந்தது வேறு. தச்சர் குடியிற் பிறந்து, தாமும் தச்சராகப் பயின்ற ஆந்த்ரே ழாக்கொப் ரூபோ என்பார், 1769 முதல் 1775 வரை, மரத்தச்சுக் கலையைப்பற்றிய பெருநூலைப் பகுதி பகுதியாக வெளியிட்டார். அறிவியற் கழகம் வெளியிட்டு வந்த கைத்தொழில் விளக்க வரிசையில் அஃது இடம்பெற்றது. படங்கள் பலவற்றை அவரே வரைந்தார். அது பருவ இதழன்று; ஆயினும் தொழில் செய்யும் கையே எழுதுகோலையும் பற்றிய அருஞ்செயல் என்ற வகையில் நம் ஆராய்ச்சிக்கு இன்றியமையாதது. ‘இவ்வாறு செய்க’ என்பதோடு அமையாது, ‘பிறர் அவ்வாறு செய்கின்றனர், அது பிழை, ஏனெனில்’ என்று கூறும் துணிவு அவர் உரைநடையில் உண்டு. அத்துணிவு தொழிலறிவினின்றும் பிறந்தது. அது நூலாக வெளிவருதற்கு அறிவியற் கழகம் துணை நின்றது.

எழுதுவோர் யார், ஏட்டைத் தாங்குவோர் யார் என்னும் இரு வினாக்களே இவ்வுரைநடையின் தரத்தையும் வாழ்நாளையும் உறுதி செய்கின்றன என்பது இவ்விரு முன்னோடிகளால் விளங்கும்.

3. வணிக இதழின் ஆக்கம்

ஆங்கில நாட்டில் 1901ஆம் ஆண்டு தோன்றிய ‘தி உட்வொர்க்கர்’ என்னும் திங்களிதழ் வணிக இதழ்களுள் மூத்தது. சார்லஸ் ஹேவர்டு 1939 முதல் 1967 வரை அதன் ஆசிரியராக விளங்கினார். அவர் தொழிற்கூடத்தில் மரச்சாமான் தச்சுப் பயின்றவர், வரையவும் வல்லவர். இதழின் பெரும்பகுதியை அவரே எழுதினார். படங்களையும் அவரே வரைந்தார்.

ஹேவர்டின் நடையிற் போற்றத்தக்க இயல்புகள் மூன்று. ஒரு கட்டுரைக்கு ஒரு பொருளே என்னும் வரையறை முதலாவது. புறாவால் பொருத்தைப் பற்றி எழுதப் புகின், உளி தீட்டுதலை அங்கு விரித்துரையார். அதனை வேறொரு கட்டுரைக்கு விடுவார். இரண்டாவது, படத்திற்கும் சொல்லுக்கும் அவர் வகுத்த பணிப்பங்கீடு. படம் காட்டுவதைச் சொல் மீண்டும் கூறாது. படத்தால் காட்ட இயலாத காரணத்தையும் எச்சரிக்கையையும் மட்டுமே சொல் கூறும். மூன்றாவது, வாசகரைத் தாழ்த்தாத பணிவு. தொடக்க நிலையினர்க்கு எழுதுங்காலும் அவர்களை அறியாதவர் என நடத்துவதில்லை. இன்னும் செய்து பாராதவர் என்றே நடத்துகிறார்.

போர்க்காலத்தில் மரத்திற்கும் தாளுக்கும் கட்டுப்பாடு இருந்தது. ஆங்கில அரசு 1942இல் சிக்கன மரச்சாமான் திட்டத்தைக் கொண்டுவந்தது. அக்காலத்து வாசகர்க்குக் கிடைத்தது பழைய பெட்டிப் பலகையும் உடைந்த சாமானின் மரமுமே. தாளும் குறைவு, மரமும் குறைவு என்னும் அந்நிலையில் வீண் சொல்லுக்கு இடமில்லை. அவ்விதழின் தலையங்கப் பகுதிக்கு ‘உளிச் சிராய்கள்’ எனத் தமிழாக்கத்தக்க ஒரு பெயர் வழங்கியது. அதில் வந்த சிறு கட்டுரைகள் கருவியையும் மரத்தையும் விட்டு, உழைப்பின் பொருளையும் ஓய்வின் பயனையும் எண்ணிப் பார்ப்பன. எழுதியவர் பெயரின்றியே அவை வெளிவந்தன.

அமெரிக்காவில் உள்ள ‘லாஸ்ட் ஆர்ட் பிரஸ்’ என்னும் சிறு பதிப்பகம் 2016 முதல் ஹேவர்டு காலத்துக் கட்டுரைகளைத் தொகுத்துப் பெருந்தொகுதிகளாக வெளியிட்டது. தலையங்கக் கட்டுரைகளும் 2020இல் தனி நூலாயின. அரை நூற்றாண்டிற்குப்பின் ஓர் இதழின் எப்பகுதி மறுபதிப்புக்குத் தகுதியுடையதாயிற்று என்பது நோக்குதற்குரியது. அக்காலத்துப் புதுப் பாங்கு மேசையும் வானொலிப் பெட்டியும் அன்று. பொருத்துகளையும் கருவிகளையும் செய்ந்நேர்த்தியையும் பற்றியனவே முதன்மை பெற்றன. இன்னது செய்க என்னும் கட்டுரை அதன் பருவத்தோடு கழிகின்றது. எவ்வாறு செய்க என்னும் கட்டுரையோ பருவங்கடந்து நிற்கின்றது.

அமெரிக்காவில் 1975ஆம் ஆண்டு பால் ரோமன் தொடங்கிய ‘ஃபைன் உட்வொர்க்கிங்’ வேறொரு வழியைக் கண்டது. இதழாசிரியர் ஒருவரே எழுதுதலை விடுத்து, நாடெங்கும் தனித்தனியே தொழில் செய்துகொண்டிருந்தோரை எழுதச் செய்தது. எழுதிப் பழகாத அவர்தம் மொழியைக் கருவியறிந்த பதிப்பாசிரியர்கள் செப்பஞ்செய்தனர். கருத்து மாறுபாட்டிற்கும் அவ்விதழ் இடம் தந்தது. தென்மார்க்கில் பிறந்த டாகே ஃபிரிட், விரைவும் செம்மையும் ஒருங்கே வேண்டும். தொழில் பிழைப்பாதல் வேண்டும் என்னும் கொள்கையினர். ஜேம்ஸ் கிரெனாவோ, மரத்தின் வரி எதனை வேண்டுகின்றது என்று காத்திருந்து அதன்வழிச் செல்லும் இயல்பினர். இவ்விருவரும் ஒரே இதழில் எழுதினர். வாசகர் தாம் கண்ட சிறு உத்திகளை எழுதியனுப்பும் பகுதி ஒன்றும் அதில் நிலைபெற்றது. ஒருவர் கூறிய உத்தியின் குறையைப் பிறிதோர் இதழில் வேறொருவர் எடுத்துக்காட்ட வழி இருந்தமையே அவ்வுரைநடையின் வலிமை என்க.

4. கழக ஏடுகளின் இயல்பு

கழக ஏடுகளும் புதியன அல்ல. பழங்கருவிகளையும் தொழில்களையும் ஆராயும் அமெரிக்கத் தொடக்ககாலத் தொழில்கள் சங்கம் 1933இல் தோன்றியது; ‘தி கிரானிக்கிள்’ என்னும் அதன் ஏடும் அவ்வாண்டே தொடங்கிற்று. அமெரிக்க நரம்பிசைக் கருவி செய்வோர் கழகம் 1972இலும், மரச்சட்டக் கட்டடம் அமைப்போர் கழகம் 1985இலும், கடைசற்காரர் சங்கம் 1986இலும், பண்டைப் பாங்கு மரச்சாமான் செய்வோர் கழகம் 1999இலும் தோன்றின. இவை ஒவ்வொன்றும் ஏடு கண்டன. கடைசற்காரர் சங்கத்திற்கு 300க்கு மேற்பட்ட கிளைகள் உண்டு. அவற்றுட் பல தத்தம் செய்தி மடல்களையும் வெளியிடுகின்றன.

இவற்றுள் நரம்பிசைக் கருவி செய்வோர் கழகத்தின் வரலாறு விரிவாக நோக்குதற்குரியது. கித்தாரும் வயலினும் செய்வோர் தம் செய்முறையை மறைத்து வைத்தல் பழைய வழக்கம். தனியே பயின்ற இளைஞர்க்கு ஆசிரியர் இல்லை. நூல்களும் மிகச் சில. இந்நிலையில் தோன்றிய அக்கழகம், அறிந்ததை மறையாது பகிர்தல் என்னும் ஒரே கொள்கையை அடிப்படையாகக் கொண்டது. தொடக்கத்தில் உறுப்பினர் எழுதியனுப்பிய குறிப்புகள் தனித்தாள்களாக வழங்கப்பட்டன. 1985 முதல் ‘அமெரிக்கன் லூத்தரி’ காலாண்டிதழாக வெளிவரலாயிற்று. மாநாட்டுச் சொற்பொழிவு, கருவியின் அளவு வரைபடம், வினா விடை, முதிய வினைஞரோடு உரையாடல் எனப் பலவும் அதில் இடம்பெற்றன. பின்னர்ப் பழைய இதழ்கள் பெருந்தொகுதிகளாகவும் பதிப்பிக்கப்பட்டன.

உறுப்பினரே வாசகர், வாசகரே எழுத்தாளர், எழுத்தாளரே உடைமையாளர் என்பது இவ்வகை ஏட்டின் அமைப்பாகும். இவ்வமைப்பால் உரைநடையில் விளையும் நன்மைகள் சில உள. விளம்பரம் தருவோரின் மனம் நோகுமோ என அஞ்ச வேண்டியதில்லை. தொடக்க நிலையினரை ஆண்டுதோறும் புதிதாக ஈர்க்கவேண்டிய கட்டாயமும் இல்லை. ஆதலின் ஒரே பொருளைச் சில ஆண்டுகட்கு ஒருமுறை மீண்டும் எழுதவேண்டியதில்லை. மரச்சாமானின் ஒரு சிறு உறுப்பைப்பற்றியோ, ஒரு வட்டாரத்துத் தச்சரின் பாங்கைப்பற்றியோ பல பக்கங்கள் எழுதலாம். அத்தகைய கட்டுரையை விலை கொடுத்து வாங்குவோர் ஆயிரவர் இலராயினும், அதற்காகக் காத்திருப்போர் சிலர் அக்கழகத்தில் இருப்பர்.

5. ஒப்பீடு

ஆராய்ச்சியைத் தொடங்கியபோது எமக்கிருந்த எண்ணத்தை ஈண்டுக் கூறுதல் கடன். விளம்பரத்தைச் சாராமையின் கழக ஏடே உயர்ந்தது. வணிக இதழின் மறைவு வருந்தத்தக்கதன்று என்றே நாம் கருதியிருந்தோம். ஏடுகளை ஒப்புநோக்கியபின் அவ்வெண்ணத்தைத் திருத்திக்கொள்ள நேர்ந்தது.

ஹேவர்டின் செவ்விய உரைநடை வணிக இதழிற் பிறந்ததே. விளம்பரமின்மை ஒன்றே சிறப்பைத் தருமாயின், வணிக உலகிலும் அம்முயற்சி நிகழ்ந்ததுண்டு. அயோவா மாநிலத்தில் 1979இல் டொனால்டு பெஷ்கி தொடங்கிய ‘உட்ஸ்மித்’ விளம்பரமின்றிச் சந்தாவையே நம்பி நெடுங்காலம் நடந்தது. ‘பாப்புலர் உட்வொர்க்கிங்’ இதழினர் 2004இல் விளம்பரமில்லாத் துணையிதழொன்றைத் தொடங்கினர். அது சில ஆண்டுகளில் நின்றது. எனவே விளம்பரம் உண்மையும் இன்மையும் தரத்தை முற்றும் வரையறுப்பன அல்ல.

கழக ஏட்டிற்கு உரிய குறைகளும் உள்ளன. அவற்றுள் தலையாயது நயத்தக்க மௌனம். எழுதுபவரும் படிப்பவரும் ஒரே கூட்டத்தில் அடுத்த திங்கள் எதிரெதிரே அமர்வர். ஆகவே ஒருவர் செய்த நாற்காலியின் கால் தடித்துவிட்டது என்றோ, சாய்வு பொருந்தவில்லை என்றோ எழுத எவரும் துணியார். ‘அழகிய வேலைப்பாடு, நல்ல மரம்’ என்னும் இரு தொடர்களுக்குள் மதிப்புரை அடங்கிவிடும். இரண்டாவது குறை, உள்வட்டக் குறிப்பு நடை. எல்லார்க்கும் தெரிந்தது என விடப்பட்ட செய்தி, பத்தாண்டு கழித்துப் படிப்பவர்க்கு விளங்குவதில்லை. மூன்றாவது, நிகழ்ச்சிக் குறிப்பின் மிகுதி. கூட்டத்தில் யார் வந்தார், யார் எதைக் காட்டினார் என்பது விரிவாக இருக்கும். காட்டியவர் கூறிய செய்முறையோ ஒரு வரியில் முடியும்.

இக்குறைகளின் வேர் ஒன்றே. பதிப்பாசிரியர் என்பாரின் இன்மையே அது. கட்டுரையை வாங்கித் தாளில் ஏற்றுபவர் பதிப்பாசிரியர் ஆகார். ‘இவ்விடத்தில் ஓர் அடி விடுபட்டது, இவ்வளவு பொருந்தாது, இக்கூற்றிற்குக் காரணம் யாது?’ என ஆசிரியரை வினவுபவரே பதிப்பாசிரியர். வணிக இதழ் ஊதியம் தந்து அவரை வைத்திருந்தது. கழக ஏட்டிலோ அப்பணி பெரும்பாலும் ஓய்வுநேரத் தொண்டு. கழக ஏடுகளுட் சிறந்தவற்றை நோக்கின், அவை நெடுங்காலம் ஒருவரே முனைந்து நின்று பதிப்பித்தவையாக இருக்கக் காண்கிறோம். ஆகவே இதழின் உடைமை யாரிடம் என்பதினும், பதிப்பிக்கும் கை எது என்பதே முதன்மையான வினா.

6. இற்றை நெருக்கடி

வணிக இதழ்களின் தளர்ச்சி சில நிகழ்ச்சிகளால் விளங்கும். ‘அமெரிக்கன் உட்வொர்க்கர்’ 2014இல் ‘பாப்புலர் உட்வொர்க்கிங்’ இதழோடு கலந்து மறைந்தது. பின்னதனை நடத்திய ‘எஃப் பிளஸ் டபிள்யூ’ நிறுவனம் 2019 மார்ச்சுத் திங்களில் நொடிப்பு நிலையை அறிவித்தது, இதழ் கைமாறிற்று. ‘ஃபைன் உட்வொர்க்கிங்’ இதழும் 2023இல் தோற்றுவித்தோரின் பதிப்பகத்தை விட்டு வேறு நிறுவனத்தை அடைந்தது. முன்னர் ஒன்றோடொன்று போட்டியிட்ட ‘உட்ஸ்மித்’, ‘பாப்புலர் உட்வொர்க்கிங்’, ‘ஃபைன் உட்வொர்க்கிங்’ ஆகிய மூன்றும் இவ்வாறு ஒரே நிறுவனத்தின் கைக்குட் சென்றன.

கருத்து மாறுபாடே இவ்வுரைநடைக்கு உயிர் என முன்னர்க் கூறினோம். ஃபிரிட்டும் கிரெனாவும் ஓரிதழில் மாறுபட்டனர் என்பது உண்மையே. எனினும் இதழுக்கும் இதழுக்கும் இடையே நிகழும் மாறுபாடு வேறுவகையானது. ஓரிதழ் புகழ்ந்த கருவியை மற்றோரிதழ் ஆராய்ந்து குறை காணும். ஓரிதழ் மறுத்த கட்டுரையை மற்றோரிதழ் ஏற்கும். உடைமை ஒன்றாயின், இவ்வாயில் முற்றும் அடையாவிடினும் குறுகுதல் இயல்பு.

7. படக்காட்சியும் எழுத்தும்

இனி, படக்காட்சியே போதும் என்பாரின் கருத்தை ஆராய்வோம். அக்கருத்தில் உண்மை உண்டு. இழைப்புளி சரியாக ஓடும்போது எழும் ஓசையை எழுத்தால் உணர்த்தல் அரிது. வாளைப் பிடிக்கும் கையின் தளர்வையும், கடைசல் எந்திரத்தில் உளி மரத்தைத் தொடும் கோணத்தையும் பத்து வரிகளில் எழுதினும் பாதியே விளங்கும். ஒருமுறை கண்டால் முழுதும் விளங்கும். ஆசிரியரின் அருகில் நின்று பயிலும் வாய்ப்பில்லாதார்க்கு யூடியூப் முதலிய தளங்கள் செய்துள்ள உதவியை மறுத்தல் நேர்மையாகாது.

ஆயினும் காட்சிக்கு ஓர் எல்லை உண்டு. நம் இலக்கண மரபைக் கொண்டே அதனை விளக்கலாம். காட்சி எப்போதும் ஒரு பலகையை, ஒரு நாளில், ஒருவர் இழைத்ததையே காட்டும். அது நிகழ்ந்தது, அவ்வளவே. எழுத்தோ, ‘நார் எதிர்த்து எழின் பலகையைத் திருப்புக, திருப்பியும் எழின் உளியைத் தீட்டுக, தீட்டியும் எழின் இழைப்பின் கனத்தைக் குறைக்க’ என்று கூற வல்லது. ‘செயின்’ என்னும் வாய்பாட்டு வினையெச்சம் சொல்லுக்கு உண்டு, காட்சிக்கு இல்லை. தொழிலறிவின் பெரும்பகுதி இவ்வெச்சத்திலேயே அடங்கியுள்ளது. கை பழகியவனுக்கும் பழகாதவனுக்கும் உள்ள வேறுபாடு, எல்லாம் நன்கு நடக்கும்போது அத்துணை விளங்காது; மரம் மாறுபடும்போதே விளங்கும்.

காட்சியில் தோன்றுபவர் அதனை வாயாற் கூறலாமே எனின், கூறலாம், கூறவும் செய்கின்றனர். ஆனால் அப்பேச்சை வேறொருவர் பேச்சோடு அருகருகே வைத்து ஒப்பிடுதல் அரிது. எச்சொல் எவ்விடத்து வந்தது எனப் பொருளகராதி காண்டலும் அரிது. எழுத்தாயின், பக்கமும் ஆண்டும் சுட்டி மறுக்கலாம்; மறுப்பையும் மறுக்கலாம். மேற்கோள் காட்டித் திருத்துதற்கு இயலாத அறிவு, பெருகினும் தேறுவதில்லை. இயந்திர வாளும் கடைசல் எந்திரமும் பயிலும் தொழிலில், திருத்தப்படாத பிழையின் விலை சில வேளைகளில் விரலாகவும் கண்ணாகவும் இருக்கும். ஆதலின் இதனை வெறும் ஏட்டு வாதம் எனத் தள்ளுதற்கில்லை.

ஆகவே, கையின் இயக்கத்தைக் காட்டும் பணியைக் காட்சி ஏற்றுக்கொண்டது. அப்பணியில் எழுத்து இனி முயல வேண்டியதில்லை. காரணம், நிபந்தனை, அளவு, மறுப்பு, வரலாறு ஆகியவற்றிற்கு எழுத்தே இன்னும் தக்க கருவி. ஹேவர்டு படத்திற்கும் சொல்லுக்கும் வகுத்த பணிப்பங்கீடு இங்கும் பொருந்துவதைக் காண்கிறோம்.

8. எதிர்காலம்

பரந்த வாசகரை நோக்கிய வணிகத் திங்களிதழ் பழைய நிலையை மீண்டும் அடைதல் அரிது என்றே தோன்றுகிறது. புதிய கருவியின் விலையும் படமும் அறிதற்கு எவரும் இதழை நாடார். நாடாதவிடத்து விளம்பரமும் நில்லாது. ஆனால் அதன் மறைவால் எல்லாம் மறைந்துவிடும் எனக் கருத வேண்டுவதில்லை. மெயின் மாநிலத்தில் ஜோஷுவா கிளைன் 2016இல் தொடங்கிய ‘மார்ட்டிஸ் அண்டு டெனன்’ என்னும் ஏடு இதற்கு ஓர் எடுத்துக்காட்டு. விளம்பரமின்றி, நீண்ட கட்டுரைகளோடு, வைத்துப் பேணத்தக்க நூல்போல் அஃது அமைந்தது. இதழ் நூலின் இயல்பை நோக்கி நகர்தல் ஒரு வழி என்பதற்கு அது சான்று.

மற்றொரு வழி கழக ஏடு. ஆனால் வணிக இதழ் விட்டுச்செல்லும் இடத்தைத் தானாகவே அது பெற்றுவிடும் எனல் பொருந்தாது. அதற்கு மூன்று கடமைகள் உள.

முதலாவது, பதிப்பாசிரியர்க்கு ஊதியம் அளித்தல். உறுப்பினர் கட்டணத்தில் தாளுக்கும் அச்சுக்கும் பங்கு ஒதுக்கும் கழகம், வினவித் திருத்தும் உழைப்பிற்கு ஒதுக்கத் தயங்குகிறது. மின்வடிவில் வெளியிடுவதால் அச்சுச் செலவு குறையுமாயின், அம்மிச்சம் செல்லவேண்டிய இடம் இதுவே.

இரண்டாவது, திறனாய்வுக்கும் தோல்விக்கும் இடமளித்தல். உறுப்பினர் வேலையைப் பெயர் சுட்டிக் குறைகூறல் கடினமெனின், அவரவர் தம் தோல்வியைத் தாமே எழுதலாம். பிளந்த பலகை, விட்டுப்போன பொருத்து, சுருங்கிய கதவு ஆகியன எவர் கூடத்திலும் உள்ளனவே. வெற்றியை மட்டும் அச்சிடும் ஏடு நட்பை வளர்க்கும், தொழிலை வளர்க்காது.

மூன்றாவது, பொதுவைப்பு. வணிக இதழ் நூலகங்களுக்குச் சென்றது. பழைய புத்தகக் கடைகளிலும் கிடைத்தது. கழக ஏடோ உறுப்பினர் வீட்டோடு நின்றுவிடுகிறது. மின்வடிவில் மட்டும் வெளிவருவது கழகம் கட்டணம் செலுத்தும் வரையிலேயே வாழும். கழகம் கலையுமாயின் அதன் நாற்பதாண்டு எழுத்தும் உடன் கலையும். எனவே ஒவ்வோர் இதழும் தாள் வடிவில் சில படிகளேனும் பொது நூலகங்களில் வைக்கப்படல் வேண்டும், பொருளகராதியும் வேண்டும். நரம்பிசைக் கருவி செய்வோர் கழகம் தன் பழைய இதழ்களைத் தொகுத்துப் பதித்தமை இவ்வகையிற் பின்பற்றத்தக்கது.

இக்கடமையின் அருமையைத் தமிழறிஞர்க்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை. மதுரைத் தமிழ்ச் சங்கம் 1902இல் தொடங்கிய ‘செந்தமிழ்’, கரந்தைத் தமிழ்ச் சங்கம் 1925இல் தொடங்கிய ‘தமிழ்ப்பொழில்’ ஆகியனவும் கழக ஏடுகளே. அவற்றின் பழைய தொகுதிகள் நூலகங்களில் இருத்தலாலன்றோ, அவற்றில் நிகழ்ந்த சொல்லாராய்ச்சியையும் மறுப்பையும் இன்றும் நாம் மேற்கோள் காட்டுகிறோம்.

9. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பின்வருவன விளங்கும். மரவினை உரைநடை, தொழில் செய்யும் கையும் பதிப்பிக்கும் கையும் ஒன்றுகூடிய இடத்தில் மட்டுமே சிறந்தது. வாங்குவோரை மட்டும் நம்பியபோது அது மோக்சன் காலந்தொட்டே தளர்ந்துள்ளது. உறுப்பினரை நம்பும் கழக ஏட்டிற்கு நீண்ட வாழ்நாள் வாய்க்கலாம். ஆனால் பதிப்பும் திறனாய்வும் பொதுவைப்பும் இல்லையாயின் அது நண்பர்களிடையே செல்லும் மடலாகவே நின்றுவிடும். காட்சி எழுத்திற்குப் பகையன்று. எழுத்து தன் பணி எது எனத் தெளிவதற்கு உதவிய துணையாகும்.

கழகங்களின் உறுப்பினர் பலர் முதியோர் என்பது இவ்வெதிர்காலத்திற்கு உள்ள பெரும் இடர். இளையோர் காட்சிவழியே தொழிலுக்கு வருகின்றனர். ஏட்டின்வழி வருவோர் குறைவு. அவர்களை ஏட்டிற்கு அழைக்கும் வழி, அவர்கள் கண்டதைப்பற்றி அவர்களையே எழுதச் செய்தலாகும். எழுதத் தொடங்கிய வினைஞன் பிறர் எழுதியதைப் படிக்கவும் தொடங்குவான் என்பதைக் கடந்த நூற்றாண்டின் இதழ் வரலாறு காட்டுகிறது.

தமிழில் தச்சரும் கடைசற்காரரும் தாமே எழுதிய செய்முறை உரைநடை எவ்வளவு உள்ளது, அதனை எவர் பதிப்பிப்பார் என்பது தனியே ஆராய்தற்குரியது. அவ்வாராய்ச்சிக்கு வருவோர், நூலகத்தோடு நில்லாது பட்டறைக்கும் செல்லல் வேண்டும். சென்று கேட்டு எழுதுவதோடு அமையாது, வினைஞர் கையில் எழுதுகோலைக் கொடுத்து, அவர் எழுதியதைப் பொறுமையோடு வினவித் திருத்தவும் வேண்டும். ரூபோவிற்கு அறிவியற் கழகம் துணை நின்றதுபோல் நம் தச்சர்க்குத் துணை நிற்றல் பல்கலைக்கழகங்களால் இயலும் பணியே என்பது எம் துணிபு.